இடது பக்கத்துக் கிட்டார்

வெள்ளிக்கிழமை காலையில் உக்கடத்திலிருந்து சூலூர் போகும் டவுன் பஸ்ஸில் அஃப்ஷீன் ஏறிவிட்டால் அவளிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. புதுப் பாட்டுகள் உலகம் முழுக்க வெள்ளிக்கிழமைதான் வெளியாகின்றன. அதற்கும் கோட்டைமேட்டில் பிறந்த இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் கோபித்துக்கொள்வாள். கண்டக்டர் நீட்டும் இலவச டிக்கெட்டை நிமிர்ந்து பார்க்காமல் வாங்கிப் பைக்குள் போடுவாள். ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். பக்கத்து சீட்டு அம்மாள் யாராவது "ஏங்கண்ணு, ஒடம்பு சரியில்லீங்களா?" என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவாள்.

சூலூரில் ஒரு கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை. கண் பரிசோதனை படித்தவள். விசைத்தறிக்காரர்கள், மில் வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள் என்று வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு கண்ணை மறைத்து எழுத்துப் படிக்கச் சொல்லி, பிறகு அடுத்த கண்ணை மறைத்துப் படிக்கச் சொல்லி, பவர் எழுதிக் கொடுப்பாள். இது சம்பளத்துக்கு. அவள் தன் உண்மையான உத்தியோகமாக நினைத்தது இன்ஸ்டாகிராமில் நடத்தி வந்த 'வெள்ளிக் காது' என்ற பக்கத்தை. வாராவாரம் புதிதாக வரும், சினிமா சாராத ராக், இண்டி ஆல்பங்களைக் கேட்டு விமர்சனம் எழுதுவாள். அறுநூற்றுப் பதினொரு பேர் அதைப் பின்தொடர்ந்தார்கள். அதில் முப்பத்தைந்து பேர் சொந்தக்காரர்கள். புள்ள ஏதாவது போட்டோ போடுகிறதா என்று கண்காணிக்க வந்தவர்கள்.

நட்சத்திரம் போடும் வழக்கமெல்லாம் அவளிடம் கிடையாது. பஸ் எந்த நிறுத்தத்தைத் தாண்டும்வரை பொறுமையாகக் கேட்டாளோ, அதுதான் மார்க். சுங்கத்திலேயே கழற்றிவிட்டாள் என்றால் ஆல்பம் தேறாது. ராமநாதபுரம் பரவாயில்லை. சிங்காநல்லூர் நல்லது. ஒண்டிப்புதூர் மிக நல்லது. சூலூர்வரை கழற்றாமல் கேட்டது இரண்டு வருஷத்தில் ஒன்றே ஒன்று, கொச்சிப் பெண் ஒருத்தி வீட்டிலேயே பதிவு செய்து வெளியிட்ட ஆல்பம்.

சென்னைப் பாடகர் ஒருவரைப் பற்றி, "நன்றாக அழுகிறார். பாடவும் தெரிந்திருந்தால் இன்னும் நன்றாக அழுதிருக்கலாம். சுங்கம்" என்று எழுதினாள். பெங்களூர்க் குழு ஒன்றைப் பற்றி, "ஒன்பது நிமிடப் பாட்டு. எங்கே நிறுத்துவதென்று டிரம்மருக்கே தெரியவில்லை. நான் ராமநாதபுரத்தில் நிறுத்திவிட்டேன்" என்றாள்.

இதையெல்லாம் அவள் தம்பி ரியாஸ் சோற்றுக்கு உட்காரும்போது வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டுவான். அம்மா தாஜுன்னிசா கேட்பாள்: "வாரா வாரம் யாரையாச்சும் திட்டாட்டி உனக்குச் சோறு எறங்காதாடி?"

"திட்டறதில்லம்மா. விமர்சனம்."

"அதத்தான் நானும் சொல்றேன்."

அஃப்ஷீனுக்கு ஒரு கொள்கையும் இருந்தது. புளூடூத் இயர்போன் பாட்டைக் கொன்றுவிடுகிறது, வயர் வழியாக வருவதுதான் கலப்படமில்லாத சத்தம் என்று மூன்று பாகமாக ஒரு நீண்ட பதிவே போட்டிருந்தாள். அவளுடைய போனிலோ வயர் இயர்போன் குத்த ஓட்டை கிடையாது. சார்ஜ் போடும் இடத்தில் மாட்டுகிற விரல் நீளக் கன்வெர்ட்டர் ஒன்றை ரியாஸ் டவுன்ஹால் பக்கம் பிளாட்பாரத்தில் வாங்கிக் கொடுத்திருந்தான். கலப்படமில்லாத சத்தம் அதன் வழியாகத்தான் இரண்டு வருஷமாக அவள் காதுக்கு வந்துகொண்டிருந்தது.

போன ஆடி மாதம் 'மோட்டார் ரூம்' என்ற குழுவின் முதல் ஆல்பம் வந்தது. குழுவுக்குச் சொந்த ஊர் தொண்டாமுத்தூர். தோட்டத்து மோட்டார் ரூமிலேயே பதிவு செய்ததால் அந்தப் பெயர். ஆல்பத்தின் பெயர் 'மூணு ஃபேஸ்'. பம்ப்செட் ஓடுகிற கரண்ட்டின் பெயரை ராக் ஆல்பத்துக்கு வைத்தவர்கள் தன் ஊர்க்காரர்கள் என்பதில் அஃப்ஷீனுக்கு அப்படியொரு பெருமை. பஸ் ஏறுமுன்னே சூலூர் மார்க் கொடுக்கத் தயாராக இருந்தாள்.

ஷ்ரவ்யா என்ற பெண்ணின் குரல் நன்றாக இருந்தது. 'நாலு மணிக் கரண்ட்' என்கிற நாலாவது பாட்டில் குரலும் லேசான டிரம்ஸும் தவிர வேறு ஒன்றுமே இல்லை. சும்மா விட்டிருந்த அந்த இடம் அவளை என்னவோ செய்தது. சிங்காநல்லூர் சிக்னலில் அதை இரண்டாம் முறை கேட்டாள். ஆனால் ஆல்பம் முழுக்கக் கிட்டாரைத் தேடித் தேடிப் பார்த்துக் களைத்துப்போனாள். அன்று மதியம் எழுதினாள்:

"கிட்டார்: மனோஜ்குமார் என்று போட்டிருக்கிறார்கள். ஒன்பது பாட்டிலும் தேடினேன், ஆளைக் காணோம். கரண்ட் போன நேரத்தில் வாசித்திருப்பார் போல. மூன்று ஃபேஸில் ஒன்று அவுட். ஆனாலும் ஒண்டிப்புதூர்."

வெள்ளிக் காதில் அதுவரை எந்தப் பதிவும் நூறு பேரைத் தாண்டியதில்லை. இது இரண்டே நாளில் ஒன்பதாயிரம் பேருக்குப் போய்விட்டது. 'ஒரு ஃபேஸ் அவுட் மனோஜு' என்று யாரோ படம் வேறு செய்து பரப்பினார்கள். அஃப்ஷீன் அன்று பிரியாணியை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள்.

அடுத்த புதன்கிழமை காலை, கடைக்கு உயரமான ஒருவன் வந்து செருப்பை வெளியே கழற்றிவிட்டு நின்றான். முதலாளி கீதா மேடம் செருப்போடே உள்ளே வரச் சொன்னதற்கு, "இருக்கட்டுங்க" என்றான். பிறகு, "கண்ணு டெஸ்ட் பண்ணணுமுங்க" என்றான்.

அஃப்ஷீன் உட்கார வைத்தாள். இடது கண்ணை மறைத்தாள். கடைசி வரிவரை ஒரு எழுத்து பிசகாமல் படித்தான். வலது கண்ணை மறைத்தாள். நாலாவது வரியில் தடுமாறினான்.

"லெஃப்ட்ல கொஞ்சம் பவர் இருக்குதுங்க. முக்கால்" என்றாள்.

"அப்படீங்களா?" அவன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டான். "நான் சும்மா உங்களப் பாக்கத்தானுங்க வந்தேன்."

அஃப்ஷீன் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

"தப்பா நெனைக்காதீங்க. ஏனுங்க, ஒவ்வொரு கண்ணா இத்தன பொறுமையா பாக்கறீங்களே, காதை அப்படிப் பாக்க மாட்டீங்களா?" அவன் குரலில் கோபம் இல்லை, அதுதான் அவளை இன்னும் சங்கடப்படுத்தியது. "நாந்தானுங்க மனோஜ்குமார். ஃபேஸ் அவுட் ஆனவன்."

பக்கத்தின் முகப்பில் 'சூலூரில் கண், வெள்ளியில் காது' என்று எழுதி வைத்திருந்ததை நம்பி, சூலூர்க் கண்ணாடிக் கடைகளை ஒவ்வொன்றாக ஏறி இறங்கியிருக்கிறான். பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. அரை நாள் லீவு போட்டு வந்திருந்தான்.

"கிட்டார் கேக்கலீங்க. கேட்டதத்தான் எழுதுனேன்" என்றாள் அஃப்ஷீன். குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

"ஒம்போது பாட்டுலயும் இருக்குதுங்க. ஆனா லெஃப்ட் சைடுல மட்டும். பாடற புள்ள ரைட்ல, நான் லெஃப்ட்ல, ரெண்டு பேரும் எதிரெதிர் வரப்புல நின்னு பேசற மாதிரி. அதுதானுங்க எங்க ஐடியாவே. நீங்க எதுல கேட்டீங்க?"

அவள் பையிலிருந்து இயர்போனையும் கன்வெர்ட்டரையும் எடுத்துக் கொடுத்தாள். அவன் அதைத் தன் போனில் மாட்டி, காதில் வைத்து, பாட்டைப் போட்டான். பிறகு தன் கையோடு கொண்டுவந்திருந்த பெரிய ஹெட்போனில் கேட்டான். கன்வெர்ட்டரைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

"இதுக்குள்ள ஒயர மாத்தி வச்சுட்டானுங்க. ரைட்டுல வர்றதயே ரெண்டு காதுக்கும் குடுக்குது. லெஃப்ட் வாரதே இல்ல."

"எப்ப இருந்து?"

"அது எனக்கெப்படீங்க தெரியும்? எப்ப வாங்குனீங்க?"

இரண்டு வருஷம். நூற்றுச் சொச்சம் ஆல்பங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பாதியை மட்டும் கேட்டுவிட்டு முழு ஆளையும் திட்டியிருக்கிறாள். கீதா மேடம் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன அஃப்ஷீன், பவர் சாஸ்தியா?" என்று கேட்டார்.

மனோஜ் ஹெட்போனை அவளிடம் நீட்டினான். 'நாலு மணிக் கரண்ட்' ஓடியது. இப்போது கிட்டார் கேட்டது. நன்றாகவே கேட்டது. ஷ்ரவ்யா ஒரு வரி பாடி மூச்சு வாங்குவதற்குள் அது உள்ளே புகுந்தது. அவள் நிறுத்திய இடத்திலெல்லாம் பேசியது. நிறுத்தாத இடத்திலும் பேசியது. சிங்காநல்லூர் சிக்னலில் அவளை என்னவோ செய்த அந்தச் சும்மா இருந்த இடம் காணாமல் போயிருந்தது.

மனோஜ் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "எப்படீங்க இருக்குது?"

அப்போது பேரப்பிள்ளையோடு ராமாத்தாள் என்ற அம்மாள் ஒருத்தி கண் காட்ட உள்ளே வந்தாள். அஃப்ஷீன் வாழ்நாளில் எந்த நோயாளியையும் அத்தனை அன்போடு வரவேற்றதில்லை. "வெள்ளிக்கெழம எழுதறேனுங்க" என்றாள்.

"சரீங்க. நான் வாரேன்" என்றவன், இடது கண்ணுக்குக் கண்ணாடி ஆர்டர் கொடுத்துவிட்டுத்தான் போனான்.

வீட்டில் ரியாஸ் தரையில் உருண்டு சிரித்தான். "வாங்குனப்பவே ரெண்டு காதுலயும் கேக்குதான்னு கேட்டேன். கேக்குதுன்னு நீதான சொன்னே?" தாஜுன்னிசா சிரிக்கவில்லை. அவள் கேட்ட கேள்விதான் உறைத்தது: "அப்போ அந்த அழற பையன்? அவனையும் பாதிதான் கேட்டியா?"

புதுக் கன்வெர்ட்டர் வாங்கினாள். இந்த முறை அஃப்ஷீன் இடது காதில் ஒரு தரம், வலது காதில் ஒரு தரம் வைத்துச் சோதித்துவிட்டுத்தான் கடையை விட்டு நகர்ந்தாள். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் பஸ்ஸில், கடைச் சாப்பாட்டு நேரத்தில், மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது என்று பழைய ஆல்பங்களைத் திரும்பக் கேட்டாள். சென்னைப் பாடகருக்கு இடது பக்கத்தில் இன்னொரு குரல் துணைக்கு அழுதுகொண்டிருந்தது. இரண்டும் சேர்ந்தபோது நெஞ்சைப் பிசைந்தது. பெங்களூர் டிரம்மர் ஒன்பது நிமிடமும் இடது பக்கத்து ஆர்கனோடு கேள்வி பதில் வாசித்திருந்தார். எங்கே நிறுத்துவது என்று அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. எல்லோரும் நல்லவர்களாக மாறிவிடவில்லை என்பது ஒரு ஆறுதல். சிலர் இரண்டு காதிலும் மோசமாகவே இருந்தார்கள். மனசு கஷ்டப்பட்டது கொச்சிப் பெண் விஷயத்தில்தான். இரண்டு வருஷமாகத் தலையில் வைத்துக் கொண்டாடிய அந்த ஆல்பத்தின் இடது பக்கத்தில் ஒரு புல்லாங்குழல் முதலிலிருந்து முடிவுவரை பறவை மாதிரிக் கத்திக்கொண்டே இருந்தது. சூலூரை ரத்து செய்து ஒண்டிப்புதூரில் இறக்கிவிட வேண்டியதாயிற்று.

பக்கத்தையே அழித்துவிடலாமா என்று ஒரு மதியம் யோசித்தாள். அறுநூறு பேர் இப்போது நாலாயிரம் பேர் ஆகியிருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போடுவது லேசான காரியமா? ஆனாலும், சொன்ன கெடு ஒரு நாள் தாண்டி, சனிக்கிழமை மாலை எழுதிவிட்டாள். கன்வெர்ட்டரின் படத்தைப் போட்டு, நடந்ததை மறைக்காமல் சொன்னாள். புளூடூத் பற்றிய மூன்று பாகத்தையும் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னாள். மனோஜ்குமாரிடம் பெயர் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். எட்டுப் பாட்டில் அவர் கிட்டார் நன்றாக இருக்கிறது, மூன்றாவது பாட்டில் பிரமாதம் என்று எழுதினாள். பிறகு கை நின்றது. அம்மா கேட்டாள், "இன்னும் என்னடி?"

"நாலாவது பாட்டுல அவரு இல்லாமலே நல்லா இருக்குதும்மா."

"அத எழுதாட்டி என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது."

அம்மா காய்ந்த துணியை மடித்துக்கொண்டே அவளைப் பார்த்தாள். அஃப்ஷீன் எழுதினாள்: "நாலாவது பாட்டை மட்டும் என் பழைய கன்வெர்ட்டரில் கேட்கச் சிபாரிசு செய்கிறேன்."

மனோஜிடமிருந்து பதில் இல்லை. ஞாயிறும் போயிற்று, திங்களும் போயிற்று. மனுஷனை இரண்டாம் முறையும் காயப்படுத்திவிட்டோமோ என்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. திங்கள் சாயங்காலம் ஷ்ரவ்யா இன்ஸ்டாகிராம் வழியாகவே போன் செய்தாள்.

"அக்கா, நீங்க நல்லா இருக்கோணும். அந்தப் பாட்டுல கையக் கட்டிட்டு நில்லுன்னு மனோஜுகிட்ட ஒரு வருசமா சொல்றோம். கேட்டாத்தான? நீங்க எழுதுனதப் பாத்துட்டு ரெண்டு நாள் யார்கூடவும் பேசுல. இன்னைக்கு வந்து, சரி, ஒருவாட்டி அப்படியும் வாசிச்சுப் பாத்துரலாம்ங்கறான். ஞாயித்துக்கெழம மத்தியானம் ரேஸ்கோர்ஸ்ல ஒரு காப்பிக் கடைல வாசிக்கறோம். வந்துபோட்டுப் போங்க."

அஃப்ஷீன் ரியாஸைத் துணைக்கு இழுத்துக்கொண்டு போனாள். நாற்பது பேர் இருந்திருப்பார்கள். புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு மனோஜ் இடது பக்கம் நின்றான். அவளைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தான், சிரிக்கவில்லை.

நாலாவது பாட்டு தொடங்கியது. ஷ்ரவ்யா பாடினாள். மனோஜ் கிட்டாரைத் தோளில் மாட்டியபடி சும்மா நின்றான். வேடிக்கை பார்க்க வேண்டியது அவனைத்தான். முதல் வரி முடிந்ததும் விரல் துடித்தது; கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான். இரண்டாவது வரிக்கு உதட்டைக் கடித்தான். நடுவில் ஷ்ரவ்யா முழுதாக நிறுத்திய இடத்தில், குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வாசலில் நிற்கிற தகப்பன் மாதிரி ஆகிவிட்டது அவன் முகம். கடையில் கரண்டி கப்பில் படுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை.

கடைசி வரியில் அவனால் முடியவில்லை. பையிலிருந்து கையை எடுத்து ஒரே ஒரு தந்தியைத் தொட்டான். ஒரு நோட்டு. அது போய் அடங்கும்வரை ஷ்ரவ்யா காத்திருந்து, பிறகு பாட்டை முடித்தாள். டிரம்மர் அவனை முறைத்தான்.

கைதட்டல் ஓய்ந்ததும் மனோஜ் நேராக இவர்கள் மேசைக்கு வந்தான். "மன்னிச்சுப்போடுங்க. கை நிக்கல."

"அது ஒண்ணு இருக்கட்டுங்க" என்றாள் அஃப்ஷீன்.

"நெசமாவா?"

"ஒண்ணுதானுங்க. ரெண்டாக்கிப்போடாதீங்க."

அவன் முதல் முறையாகச் சிரித்தான். ரியாஸை நகரச் சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். மூன்றாவது பாட்டில் எந்த இடம் பிரமாதம் என்று அவள் எழுதியிருந்தாள் என்பதை, விநாடிக் கணக்கோடு, விலாவாரியாகக் கேட்க ஆரம்பித்தான்.