ஒரு பயணத்துக்கு நான்கு டயர்

திருவெள்ளறையில் ஒரு அண்ணன் தம்பியின் வயல் வரப்பை அளந்துகொண்டிருந்தேன். ஆபீஸ் பியூன் பஸ்ஸை விட்டிறங்கி வரப்பு மேலேயே ஓடி வந்தார். "சார், நம்ம தருமலிங்கம் சார் காலையில போயிட்டாருங்க" என்றார். அளவுச் சங்கிலி பிடித்திருந்தவர் அதை மெதுவாகக் கீழே வைத்தார். அதுவரை தொண்டை கிழியச் சண்டை போட்டுக்கொண்டிருந்த அண்ணனும் தம்பியும், "யாருங்க, போன வருசம் வந்து இதே வரப்பை மூணு தரம் அளந்தாரே, அவரா?" என்று ஒரே குரலில் கேட்டார்கள். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

சர்வே ஆபீஸில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். கேட்ட கேள்விக்கு உடனே பதில் வராது. பார்வை ஜன்னல் பக்கம் போகும். எங்கோ போய்விட்டுத் திரும்பி வந்து, "எனக்குத் தெரியலைங்க, பாத்துட்டுச் சொல்றேன்" என்பார். அதிகாரி கேட்டாலும் அதே பதில்தான். என்னிடம் மட்டும், "அளந்துட்டா அப்புறம் கோபப்பட வேண்டியதில்லை தம்பி" என்று கூடுதலாக ஒரு வரி சொல்வார். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்து நாற்காலி போட்ட புண்ணியவான் யாரோ, நல்ல வேடிக்கைக்காரர்.

டயர் கதையை நீங்கள் அரைகுறையாகக் கேட்டிருப்பீர்கள். கூடவே அலைந்தவன் நான். பத்து வருஷம் இருக்கும். அவர் மனைவி செண்பகம் அண்ணி முசிறியில் தாய்வீட்டில் இருந்தார், எட்டாவது மாதம். அதற்கு முன் உண்டான இரண்டும் தங்கவில்லை. இரண்டாவது முறை, பஸ்ஸில் திருச்சிக்கு வரும் வழியிலேயே எல்லாம் முடிந்துபோனது. இந்தத் தடவை டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: பிரசவம் திருச்சியில்தான் நடக்க வேண்டும், ஆனால் பஸ் கூடாது, உடம்பு குலுங்கவே கூடாது. வீட்டில் வண்டி இல்லாமல் இல்லை. முசிறியில் வாழைக்காய் மண்டி வைத்திருந்த மாமனார், தன்னுடைய பழைய காருக்கு டீசல் என்ஜின் மாட்டி, ஆசை தீர ஓட்டிவிட்டு மருமகனிடம் கொடுத்திருந்தார். நிற்கும்போதே நடுங்கும் வண்டி அது. நான்கு டயரிலும் பட்டன் தேய்ந்து நூல் தெரிந்தது.

தென்னூரில் ஒரு டயர் கடைக்குப் போனோம். பிற்பகல் வெயிலில் ரப்பர் வாசனை கண்ணைச் சொக்க வைத்தது. கடைக்கார பாய் யோசிக்கவே இல்லை. "டீசல் என்ஜின் கனம் சார். கெட்டி டயரா நாலு போடுங்க, வருசக்கணக்குல உழைக்கும்" என்றார்.

"கெட்டியா இருந்தா தூக்கிப் போடுமாங்க?" என்று கேட்டார் தருமலிங்கம் அண்ணன்.

"போடத்தான் போடும். மெத்துனு வேணும்னா வேற இருக்கு. ஆனா சீக்கிரம் தேஞ்சிடும்."

"தேயட்டுங்க. முசிறிக்கு ஒரே ஒரு தரம் போயிட்டு வந்தா போதும்."

பாய் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். எதை வாங்குவது என்று அண்ணனுக்குத் தெரியவில்லை. வழக்கம்போல, "பாத்துட்டுச் சொல்றேன்" என்று எழுந்து வந்துவிட்டார்.

பார்த்த விதத்தைத்தான் சொல்ல வேண்டும். ஸ்ரீரங்கத்தில் வாடகைக் கார்கள் நிற்கும் இடத்துக்குப் போய், எந்த வண்டியில் எந்த டயர் என்று குனிந்து குனிந்து விசாரிப்பார். பிறகு அதில் பின் சீட்டில் ஏறி, விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய சொம்பை மடியில் வைத்துக்கொண்டு, காவிரிப் பாலம் தாண்டித் தென்னூர் வரை போவார். "தாகமா சார்? குடிச்சிடுங்களேன்" என்றார் ஒரு டிரைவர். "இல்லைங்க, சிந்துதான்னு பாக்குறேன்" என்றார் இவர். ஒவ்வொரு நாளும் வேட்டி நனைந்த அளவைப் பார்த்துத் தலையசைத்துக்கொள்வார். நான்காம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. "டயர் வாங்கப் போறீங்களா, குழந்தைக்குப் பேர் வச்சப்புறம் வாங்கலாம்னு இருக்கீங்களா?" என்று நடுரோட்டில் கத்திவிட்டேன். ஈர வேட்டியோடு நின்றவர், "பயமா இருக்கு தம்பி" என்றார்.

கடைசியில் முன்னால் இரண்டு கெட்டி டயர், என்ஜினின் கனத்துக்காக. பின்னால் இரண்டு மெத்து டயர், அண்ணி உட்காரப் போவதால். பின் டயர்களில் காற்றையும் பாய் ஒரு மட்டுக்குக் குறைத்துக் கொடுத்தார்.

முசிறியிலிருந்து திரும்பிய அந்தப் பயணம் நிஜமாக நடந்ததா என்று இன்றும் எனக்குச் சில சமயம் சந்தேகம் வரும். வலப்பக்கம் காவிரி. இடப்பக்கம் முடிவில்லாமல் வாழை. அண்ணன் ஓட்டிய வேகத்தில் தும்பிகள் ஜன்னல் வழியாக வந்து, உள்ளே சுற்றிப் பார்த்துவிட்டு மறுபக்கம் போயின. வைக்கோல் வண்டி ஒன்று எங்களை முந்தியது. சைக்கிளில் வந்த ஒருவர் கூடவே மிதித்துக்கொண்டு, "வண்டி ரிப்பேருங்களா?" என்று கேட்டார். "வண்டி நல்லா இருக்குங்க" என்று அண்ணன் மரியாதையாகப் பதில் சொன்னார். பின் சீட்டில் அண்ணி கண்ணை மூடியிருந்தார். குணசீலம் வந்தது, போனது. ஆறு நகர்கிறதா நாங்கள் நகர்கிறோமா என்று தெரியாமல் நானும் தூங்கிவிட்டேன். கொள்ளிடம் பாலத்தில் விழித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அண்ணனின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மூன்று வாரம் கழித்து வசந்தா பிறந்தாள்.

துக்கம் கேட்கப் போனபோது வசந்தா எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அப்பாவைப் போலவே ஜன்னலைப் பார்க்கிற பெண். "அன்னைக்கு வழியெல்லாம் நல்லாத் தூங்கினீங்க அண்ணி" என்று ஏதோ பேச வேண்டுமே என்று சொன்னேன்.

"எங்க தூங்கினேன் தம்பி" என்றார் அண்ணி. "ஒவ்வொரு பள்ளமும் தெரிஞ்சுது. கண்ணைத் தொறந்தா அவர் பயந்துபோய் வண்டியை நிறுத்திடுவாரு. அதான் மூடிக்கிட்டே வந்தேன். ஆனா ஒவ்வொரு பள்ளத்துக்கு முன்னாடியும் வண்டி கொஞ்சம் தயங்கும் பாருங்க, அப்ப எனக்குத் தைரியம் வந்துடும். நம்மளை நெனச்சுக்கிட்டு ஒருத்தர் ஓட்டுறாரு இல்லையா." சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை.

என் மனைவியை நான் இரண்டு பிரசவத்துக்கும் துறையூர் பஸ்ஸில் தனியாக ஏற்றி அனுப்பினேன். ஆபீஸில் வேலை இருந்தது. ஒன்றும் ஆகவில்லை, ஆகவில்லை என்பதாலேயே அதைப் பற்றி நான் நினைத்ததும் இல்லை. அன்று வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது, "அந்தப் பஸ்ல எப்படிப் போன?" என்று கேட்டேன். தருமலிங்கம் அண்ணனிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது இந்த ஒரு கேள்விதான். அவர் வண்டி கிளம்பும் முன்பே கேட்டார். எனக்கு எட்டு வருஷம் ஆகியிருக்கிறது.

"இப்பக் கேக்குறீங்களே" என்று சிரித்தாள். பிறகு கரண்டியைக் கீழே வைத்தாள். முன் சீட்டுக் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததையும், பேர்கூடத் தெரியாத ஒரு பூக்காரம்மா இவள் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டதையும் சொல்ல ஆரம்பித்தாள். சோறு ஆறிவிட்டது. அவள் சொல்லிக்கொண்டிருந்த பஸ் இன்னும் மண்ணச்சநல்லூரைத் தாண்டவில்லை.