துண்டு கண்டால் நிற்கும் ரயில்

ரயில் கார்டு வேலை என்பது, ஒரு பச்சைக் கொடியையும் ஓர் ஊதலையும் துணையாகக் கொண்டு, அவசரமே இல்லாத மனிதர்களை அவசரப்படுத்த முயலும் தொழில். கண்டக்டராகவோ தபாலாபீஸ் குமாஸ்தாவாகவோ பொதுமக்களுக்கு நடுவில் நின்று வியர்த்த அன்பர்கள், என் துயரத்தை விளக்கமின்றியே உணர்வார்கள்.

நான் வேலை பார்த்தது பெரிய ரயிலில் அல்ல. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் மதுரையிலிருந்து மேலூர் வழியாகக் கொட்டாம்பட்டி வரை குறுகிய தண்டவாளத்தில் ஓடி, இடையிடையே நெல் ஆலைகளுக்குக் கிளைகளை நீட்டி, பிறகு மூடப்பட்டுப்போன சின்ன ரயிலில். எஞ்சின் டிரைவர் மாயாண்டி அண்ணன். பின்னாளில் நான் வாய்மொழிக் கதைகளைத் தொகுக்க ஊர் ஊராகப் போனபோது, எங்கள் ரயில் கதையாக மாறி எனக்கு முன்பே அங்கங்கே போய்ச் சேர்ந்திருந்தது. ஆகவே நான் கண்ணால் கண்டதையும் ஊருக்கு ஊர் வேறுபடும் கதை வடிவங்களான பாடங்களையும் ஒன்றோடொன்று கலக்காமல் தருகிறேன்.

கிளி விரட்டியவர்

நிலையங்கள் இருந்தன. ஆனால் நிலையத்துக்கு நடந்து வருவதை மக்கள் வீண் அலைச்சலாகக் கருதினார்கள். தண்டவாளத்தின் ஓரமாக நின்று தோள்துண்டை எடுத்து வீசினால் மாயாண்டி அண்ணன் வண்டியை நிறுத்துவார். இது எந்த விதிப் புத்தகத்திலும் இல்லாத வழக்கம். அதனாலேயே ஒருவரும் மீறாத வழக்கம்.

ஒரு நாள் சோளக்காட்டில் ஒருவர் துண்டை வீச, வண்டி நின்றது. அவர் ஏறவில்லை, திகைத்து நின்றார். கிளிகளை விரட்டத்தான் வீசினாராம். (கொட்டாம்பட்டிப் பாடத்தில் அவர் துண்டைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அது பிழை, கிளிகளை நானே பார்த்தேன்.) "பரவாயில்லை, போய் வேலையைப் பாருங்கள்" என்று நான் ஊதலை எடுத்தேன். அவருக்கு மனம் ஒப்பவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். "எனக்காக நிப்பாட்டுன வண்டிய வெறுமனே அனுப்புறது மரியாதையாண்ணே? மேலூர் வரைக்கும் போய் ஒரு காப்பியக் குடிச்சிட்டு வாரேன்."

வராதவர் வந்த கதை

கண்மாய்க்கரை நிறுத்தத்தில் தயிர்க்காரக் கருப்பாயி அக்கா நாள்தோறும் ஏறுவார். அவர் வரப்பில் வருவது தெரிந்தால் வண்டி காத்திருக்கும். தெரியாவிட்டாலும் சற்றுக் காத்திருக்கும். ஒரு நாள் காலையில் பானை இல்லாமல், மூச்சிரைக்க, இரண்டு வயல்களைக் கடந்து ஓடி வந்தார். நான் கையை நீட்டி ஏற்றிவிடப் போனேன். அவர் ஏறவில்லை.

அன்று அவர் ஏன் வரவில்லை என்பதில்தான் பாடங்கள் வேறுபடுகின்றன. மருமகன் வந்திருந்தார் என்பர் சிலர். எருமை கறக்கவில்லை என்பர் சிலர். சொன்ன வார்த்தையில் மட்டும் எந்த ஊரிலும் மாற்றம் இல்லை. "இன்னைக்கு நான் வரலண்ணே. எனக்காகக் காத்துக் கெடப்பீகளேன்னுதான் சொல்லிட்டுப் போக ஓடியாந்தேன்."

நிற்கக் கூடாது என்று சொல்ல நின்றது

இதற்கிடையில் பக்கத்துச் சாலையில் மோட்டார் பஸ் ஓடத் தொடங்கியிருந்தது. அதன் கண்டக்டர் எங்களை முந்தும்போதெல்லாம் வெளியே தலையை நீட்டி, "என்ன மாப்ள, எஞ்சினுக்குப் புல்லுப் போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார். மாயாண்டி அண்ணன் பதிலுக்கு நீராவியைத் திறந்துவிடுவார். கண்டக்டருக்குக் கேட்காது, எங்கள் பயணிகளுக்குத்தான் முகமெல்லாம் கரி.

ஒரு நாள் தலைமை அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது. அடுத்த சந்தை நாளன்று ஓர் அதிகாரி எங்களோடு மேலூர் வரை பயணம் செய்வார். ரயில் தொடர்ந்து ஓடுவதா, மூடுவதா என்பதை அவருடைய வார்த்தை தீர்மானிக்கும். எங்கள்மேல் இருந்த ஒரே புகார் தாமதம். மாயாண்டி அண்ணனுக்கு இது சம்பளத்தைப் பற்றிய கவலை மட்டும் அல்ல. அந்த எஞ்சினைத் தவிர வேறு எதையும் அவர் ஓட்டியதில்லை. இன்னொன்றை ஓட்டுவதாகக் கனவில்கூட நினைத்ததில்லை.

"அன்னைக்கு ஒரு நாளைக்கு யாரும் துண்டத் தூக்கப்படாது தம்பி, ஊரு ஊராச் சொல்லிருவோம்" என்றார். சொல்வதற்காக ஒவ்வொரு ஊரிலும் வண்டியை நிறுத்தினோம். சொன்னதும் காரணம் கேட்டார்கள். காரணம் சொன்னதும் வருத்தப்பட்டார்கள். வருத்தப்பட்டவர்களுக்கு ஆறுதல் சொன்னோம். எங்கள் ரயிலின் வரலாற்றிலேயே மிகத் தாமதமாக மேலூர் போய்ச் சேர்ந்த நாள் அதுதான். வழியில் கருப்பாயி அக்கா மட்டும் எங்களுக்கே ஆறுதல் சொன்னார். "விடுங்கண்ணே, அது நம்ம வண்டி. அன்னைக்கு எவன் துண்டத் தூக்குறான்னு நான் பாத்துக்கிறேன்."

அதிகாரி வந்த நாள்

அதிகாரி மெலிந்த மனிதர். கையில் கடிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டே என் பெட்டியில் அமர்ந்தார். மதுரையில் பயணிகள் ஏறத்தான் செய்தார்கள். ஆனால் முதல் நிறுத்தத்திலேயே அத்தனை பேரும் கூடைகளோடு இறங்கிவிட்டார்கள். "எங்கே போகிறீர்கள்?" என்று பதறினேன். "பாரம் கொறஞ்சா வெரசாப் போகும்ல" என்று ஒரு பெரியவர் என் காதில் சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பின் கண்டது மறக்கக்கூடியது அல்ல. வழிநெடுக மக்கள் தண்டவாளத்தின் இருபுறமும் சந்தைக்குப் போகும் உடுப்பில் நின்றார்கள். துண்டுகள் தோளில் இல்லை, இடுப்பில் இறுகக் கட்டியிருந்தார்கள். நிலையங்களில் வண்டி நின்றபோதும் ஒருவரும் ஏறவில்லை. நான் கதவைத் திறந்து கெஞ்சினேன், புன்னகையோடு மறுத்துத் தலையசைத்தார்கள். கருப்பாயி அக்கா தயிர்ப்பானையைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, "நிக்காதீக, போங்க, போங்க" என்று முந்தானையால் விரட்டினார், சோளக்காட்டுக் கிளியை விரட்டுவதுபோல. அந்தச் சோளக்காட்டுக்காரரோ இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

மேலூருக்குச் சற்று முன்னால் அந்த மோட்டார் பஸ்ஸை முதன்முறையாக முந்தினோம். அது மெதுவாகத்தான் போயிற்று, ஏனென்றால் உள்ளும் கூரைமேலும் எங்கள் பயணிகள். முதல் நிறுத்தத்தில் இறங்கியவர்கள் அத்தனை பேரும் அதில் இருந்தார்கள். நாங்கள் கடந்து போகையில் கைதட்டி ஆரவாரம் செய்தார்கள். கண்டக்டர்கூடத் தம்மை மறந்து கைதட்டியதாக மேலூர்ப் பாடம் கூறுகிறது. இதற்கு வேறு சான்று கிடைக்கவில்லை.

மேலூரில் வண்டி குறித்த நேரத்தில் நின்றது. மாயாண்டி அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளைபோல இறங்கி வந்து அதிகாரியின் முன் நின்றார். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். காலிப் பெட்டிகளைப் பார்த்தார். ஆள் இறங்காத மேடையைப் பார்த்தார். கடிகாரத்தை மூடினார். "நேரத்துக்கு வந்துவிட்டது, சரி. யாருக்காக வந்தது?"

பின்னர்

ரயில் மூடப்பட்டது; போர்க்காலத்தில் தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். மூடியதற்கான காரணத்தைக் கேட்டால், பஸ் முதலாளியின் சூழ்ச்சி என்கிறது கொட்டாம்பட்டி. எஞ்சின் கிழடாகிவிட்டது என்கிறது மேலூர். சந்தை நாளில் யாரும் ஏறாததைக் காரணமாகச் சொல்லும் பாடம் ஒன்றுகூட எனக்குக் கிடைக்கவில்லை.

மாயாண்டி அண்ணனை அந்த பஸ் முதலாளியே டிரைவராக வைத்துக்கொண்டார். ஒருமுறை அதில் போனேன். சோளக்காட்டோரம் யாரோ துண்டை உதற, பஸ் நின்றது. நேரத்தை நினைத்துத் தவித்த பழைய கண்டக்டர் மணியை இழுத்து இழுத்துப் பார்த்தார். மாயாண்டி அண்ணன் அசையவில்லை. தூரத்தில் வரப்பில் கருப்பாயி அக்கா ஆற அமர வந்துகொண்டிருந்தார். ஏறி அமர்ந்து, பானையை மடியில் வைத்துக்கொண்டு, என்னை அடையாளம் கண்டதும் பெருமூச்சு விட்டார். "ஊரே ஒண்ணாச் சேந்து அன்னைக்குச் சொன்ன சொல்லக் காப்பாத்துனோம்ண்ணே, அந்த ஆபீசருதான் கவுத்துட்டாரு."

பாடங்களையெல்லாம் ஒப்புநோக்கியபின் நான் கண்ட முடிவு இதுதான்: எங்கள் ரயிலைப் பகைவர் எவரும் மூடவில்லை, அதன்மேல் உயிரையே வைத்திருந்தவர்கள் இருமருங்கும் நின்று, சரியான நேரத்துக்கு வழியனுப்பி வைத்தார்கள்.