கன்னியம்மா கோலம் போட மறுத்த மார்கழி

கன்னியம்மாவைப் பற்றி எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் "வாய் ஜாஸ்தி" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாய் இருந்த ஒரே ஆள் அவள்தான், அதனால் ஜாஸ்தியாகத் தெரிந்தது.

மாடம்பாக்கம் ஏரிக்கரையில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். புருஷன் துரை கல் உடைக்கிற வேலையில் இருந்தான். வெடி வைத்தபோது ஒரு கால் போய், அதற்கப்புறம் வீட்டோடு. வயலை பிளாட் போட்டு எங்கள் தெருவில் வீடுகள் எழும்பியபோது இவள்தான் சித்தாளாகச் செங்கல் சுமந்தாள். வீடுகள் முடிந்து எல்லாரும் குடிவந்ததும் அதே வீடுகளில் பாத்திரம் தேய்க்க வந்தாள். யாராவது சுவரில் அழுக்குக் கையை வைத்தாயா என்று அதட்டினால், "இந்தச் சொவுரு என் தலை மேல வந்த சொவுரும்மா" என்பாள். அதைத்தான் திமிர் என்றார்கள்.

அவள் கோலத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். புள்ளி வைக்கிற வேகத்தில் கையே தெரியாது. மார்கழி வந்தால் எதிர் வரிசையில் ஐந்து வீட்டு வாசலுக்கும் சாணி தெளித்து, கோலம் போட்டு, நடுவில் பூசணிப்பூ வைத்து, விடிவதற்குள் முடித்துவிடுவாள். பக்கத்துத் தெருக்காரர்கள் வந்து வேடிக்கை பார்ப்பார்கள். அந்த வீட்டு அம்மாக்களோ, "ஏதோ கைக்கு வந்ததைப் போட்டேன்" என்று தாங்களே போட்டதுபோல வெட்கப்படுவார்கள். கூச்சமே கிடையாது.

எண்பத்தெட்டாம் வருஷத்து மார்கழி அது. அந்த மாதம் எனக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நைட் டூட்டி. ஒருநாள் காலையில் வீடு திரும்பினால் கன்னியம்மா என் வாசலில் உட்கார்ந்திருந்தாள். பக்கெட் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது.

"அக்கா, ஒரு பேமானி சைக்கிள்ல வந்து நிக்கிறான். மூஞ்சியெல்லாம் மஃப்ளர், தலையில கொரங்கு குல்லா. நான் குனிஞ்சு புள்ளி வச்சிக்கினு கீறேன், அவன் லைட் கம்பத்துக்குக் கீழ நின்னு லுங்கிய அவுத்துக் காட்றான். மொத நாளு ஒண்ணுக்கு அடிக்கிறான்னு நெனச்சேன். இன்னிக்கு என் பேரச் சொல்லிக் கூப்ட்டுக் காட்றான்க்கா!"

"நீ என்ன பண்ணினே?"

"சாணித் தண்ணிய பக்கெட்டோட வீசுனேன். கால்ல பட்டிச்சு. சிரிச்சிக்கினே போறான் கஸ்மாலம்." முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். அவளை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. "நான் கத்துனேன்க்கா. அப்போ காமும்மா வூட்டு அடுப்பங்கரையில லைட் எரிஞ்சுது. ஜன்னல்ல அவங்க நின்னாங்க. நான் கத்துன ஒடனே லைட்டு அணைஞ்சுபோச்சு."

காமு எங்கள் தெரு நலச் சங்கத்துச் செயலாளர் ராஜாராமனின் மனைவி. சம்பவம் நடந்ததே அவர்கள் வாசலில்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "வா, இப்பவே ஸ்டேஷனுக்குப் போவோம்" என்றேன்.

கன்னியம்மா நகரவில்லை. "நீ பாத்தியாக்கா? பாக்கல. போலீசு அந்த அஞ்சு வூட்டையும் கேக்கும். அஞ்சு வூடும் ஒண்ணா சேந்துகினு, இவ புளுகறான்னு சொன்னா? அப்புறம் எனக்கு வேலையும் கெடையாது, மானமும் கெடையாது. துரைக்குக் கஞ்சி ஊத்தறது யாரு? வூட்டுக்காரங்க வாயால வரணும். வந்தா நான் ரெடி."

அவள் சொன்னது சரி. அன்று சாயங்காலமே ராஜாராமன் வீட்டு ஹாலில் சங்கம் கூடியது. ஐந்து வீட்டு ஆண்களும் நாற்காலியில், பெண்கள் சுவரோரம் பாயில், கன்னியம்மா வாசற்படிக்கு வெளியே.

"போலீஸ் கீலீஸ்னு போனா பேப்பர்ல வந்துடும்" என்றார் ராஜாராமன். "நகர் பேரு என்னத்துக்கு ஆகும்? நம்ம வீடுகள்ல கல்யாணத்துக்குப் பெண்கள் இருக்கா. போலீஸ் ஜீப் ஒருநாள் நின்னாலே போதும், ஒரு வரன் வராது."

"அப்ப அவன் தினம் வந்து காட்டட்டும்கறேளா?" என்றேன்.

"மேடம், உணர்ச்சிவசப்படாதீங்கோ. நீங்க நேர்ல பார்க்கலை."

"காமு பார்த்திருக்கா. லைட் எரிஞ்சுதே!"

காமு புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "நான் அந்த நேரத்துக்கு எழுந்துக்கவே இல்லை மாமி" என்றாள். பொய். என் கண்ணைப் பார்க்காமல் சொன்ன பொய்.

"பொழுது விடிஞ்சப்புறம் வரேன் சாமி" என்றாள் கன்னியம்மா வெளியிலிருந்து.

அதற்கு மட்டும் பாயிலிருந்து குரல்கள் வந்தன. மார்கழிக் கோலத்தை வெயில் வந்தபிறகு போடுவதா? பக்கத்துத் தெரு சிரிக்காதா? பேச்சு அப்படியே சுற்றிச் சுற்றிப் போனது. கடைசியில் ராஜாராமன் ஒரு தீர்ப்புச் சொன்னார் பாருங்கள், அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "நீ ஏன் அவனைப் பார்க்கறே? நிமிராமப் போட்டுட்டுப் போ. பார்க்கற ஆள் இல்லேன்னா அவனே வராம நின்னுடுவான்."

கன்னியம்மா எழுந்தாள். கோலமாவு டப்பாவைப் படியில் வைத்தாள். "நான் குனியறதாலதான் சாமி அவன் வந்து நிக்கிறான். பாத்திரம் தேய்க்கறேன், துணி தோய்க்கறேன். ஆனா போலீசுல நீங்க சொல்ற வரைக்கும் உங்க வாசல்ல ஒரு புள்ளி வைக்கமாட்டேன்."

"திமிரைப் பார்" என்று யாரோ சொன்னது அவள் காதில் விழும்படியாகத்தான் சொன்னார்கள்.

மறுநாள் நான் டூட்டி முடிந்து வரும்போது ஐந்து வாசலும் மொட்டையாக இருந்தன. தண்ணீர்கூடத் தெளிக்கவில்லை. மார்கழியில் வாசலில் கோலம் இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். பால்காரர் குரல் கொடுக்காமல் மெதுவாகப் பாக்கெட்டை வைத்துவிட்டுப் போனார். சேலையூரிலிருந்து ராஜாராமனின் ஒன்றுவிட்ட அண்ணா சாம்பசிவன் காலை நடை வந்தவர், தம்பி வாசலைப் பார்த்தார், பக்கத்து வாசல்களைப் பார்த்தார், அப்படியே திரும்பினார். அரை மணியில் ரோஜா மாலையோடு வந்து நின்று, "எப்போ போனார்டா உன் மாமனார்?" என்று கேட்டு ஓவென்று அழுதார். அந்த மாமனார் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். நான் என் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். வயிறு குளிர்ந்தது எனக்கு.

அதற்கப்புறம் காமுவே கோலம் போட வெளியே வர வேண்டியதாயிற்று. வேறு ஆள் கிடைக்கவில்லை. ஏரிக்கரையில் கன்னியம்மா எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள். காமு கோலமாவோடு இறங்கிய இரண்டாம் நாளே அவன் வந்துவிட்டான். அவனுக்கென்ன, எந்த வீட்டு முதுகு குனிந்தால் என்ன? காமு போட்ட அலறலில் தெருவே விழித்துக்கொண்டது. அன்றைக்கு எல்லா லைட்டும் எரிந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை, எனக்கு லீவு. ராஜாராமன் பனியனோடு என் வீட்டுக்கு வந்தார். "மேடம், நீங்க சொன்னது கரெக்ட். ரிப்போர்ட் பண்ணிடலாம். கன்னியம்மாவைக் கொஞ்சம் அழைச்சுண்டு வாங்கோ. அவ பேர்லயே கம்ப்ளெயின்ட் குடுத்துடலாம். இன்னிக்கு நடந்ததும் அவளுக்கு நடந்ததாவே இருக்கட்டும். நம்மாத்து லேடீஸ் பேரு எதுக்கு அங்கெல்லாம்?"

எனக்கு வாயில் வந்ததை எழுதினால் அச்சில் போடமாட்டார்கள். ஆனால் கன்னியம்மாவிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவள் திரும்பித் துரையைப் பார்த்தாள். "போ" என்றான் அவன். "வரேன்னு சொல்லு" என்றாள் என்னிடம். "காமும்மாவும் வரணும்."

ஸ்டேஷனில் எங்களை பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். எழுதுகிற ஏட்டு காகிதத்தை எடுத்து, "யாருக்கு நடந்தது?" என்றார்.

"இவளுக்குத்தான் சார், எங்காத்து வேலைக்காரி" என்றார் ராஜாராமன். "இன்னிக்குக் காலம்பற."

கன்னியம்மா எழுந்து நின்றாள். "ஐயா, இன்னிக்கு நடந்தது எனக்கில்ல. இந்தக் காமும்மாவுக்கு. எனக்கு நடந்தது போன வாரம். அன்னிக்கே போலீசுல சொல்லணும்னேன். இந்த சார்தான் வேணாம்னாரு, நிமிராம வேலை பாருன்னாரு. ரெண்டையும் எழுதிக்கோங்க. அவரு சொன்னதையும் எழுதிக்கோங்க."

ராஜாராமனின் முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும். "என்னடி உளர்றே? நாளையிலேருந்து எங்க தெருவிலே நீ கால் வைக்க முடியாது, தெரியுமா?"

"தெரிஞ்சுதான் சாமி வந்தேன்" என்றாள்.

ஏட்டு பேனாவை நிறுத்திவிட்டுக் காமுவைப் பார்த்தார். "ஏம்மா, இது சொல்றது நிஜமா?"

காமு எழுந்தாள். கணவர் பக்கம் திரும்பவே இல்லை. "நிஜம். இன்னிக்கு எனக்குத்தான் நடந்தது. போன வாரமும் நான் ஜன்னல்லேருந்து பார்த்தேன். இவ கத்தினா. நான் லைட்டை அணைச்சுட்டேன்." அதற்கு மேல் பேச முடியாமல் பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். நான் போய்த் தேற்றவில்லை. அழட்டும் என்றுதான் இருந்தது.

இரண்டு கையெழுத்து ஆயிற்று. கன்னியம்மா கைநாட்டு வைக்கவில்லை; கொட்டை எழுத்தில் தன் பெயரை முழுசாக எழுதினாள். ராஜாராமன் எங்களுக்காகக் காத்திராமல் ஸ்கூட்டரில் போய்விட்டார்.

நாங்கள் மூன்று பேரும் பஸ் ஸ்டாப்பில் நின்றோம். பஸ் வளைவில் திரும்பும்போது காமு மெல்ல வாயைத் திறந்தாள். "கன்னியம்மா, அவர் சொன்னதை விடு. நாளைக்கு நம்மாத்து வாசலுக்கு வருவியா?"

கன்னியம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"லைட்டு எரிஞ்சா வரேன்" என்று சொல்லிவிட்டு, முன்னால் போய் பஸ்ஸில் ஏறினாள்.