மங்கு விழுந்த முகம்

தை முகூர்த்தத்துக்குப் பட்டு எடுக்க வந்த கூட்டம். வெளியே மார்கழிக் குளிர், உள்ளே ஏ.சி. மலைக்கோட்டைக்குக் கீழே இருக்கும் எங்கள் ஜவுளிக்கடையில் எங்களுக்கெல்லாம் பல் தந்தியடித்தது. சீனியர் அக்காவுக்கு மட்டும் நெற்றியிலிருந்து வியர்வை கொட்டியது. விரித்த புடவையில் சொட்டிவிடக் கூடாதென்று தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டே விலை சொன்னார். நான் அப்போது வேலைக்குச் சேர்ந்த புதிது. காய்ச்சலோ என்று பயந்து கேட்டேன். "காய்ச்சல் இல்லம்மா, வயசு. உள்ள அடுப்பு எரியுது" என்றார்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. வாங்க வந்தவர் தயங்கினால், புடவையை எங்கள் தோளில் போட்டுக் காட்ட வேண்டும். புடவையைப் பார்க்கிற கண் அடுத்து முகத்துக்குத்தான் வரும். அக்கா தோளில் போட்டால் சாதாரணப் பட்டும் விலைபோகும். அவருடைய கன்னங்களில்தான் நாற்பத்தைந்து வயதில் கருந்திட்டாய் மங்கு படர்ந்தது. தாடையோரம் பள்ளிக்கூடப் பெண்ணுக்கு வருவதுபோல் பருக்கள். வீட்டில் கணவர் படுத்த படுக்கை, அக்காவுக்குத் தூக்கமே கிடையாது. இதெல்லாம் சேர்ந்து முகத்தில் வந்து உட்காரும் என்பது எனக்கு அப்போது தெரியாது. வாங்க வந்தவர்களுக்கோ எல்லாம் தெரிந்திருந்தது. ஒருத்தி கஸ்தூரி மஞ்சள் என்பாள், இன்னொருத்தி ஜாதிக்காயை உரசிப் போடு என்பாள். மங்கு சனி நடக்கிறது, எள் விளக்கு ஏற்று என்று சொன்னவளும் உண்டு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? "புடவ வாங்க வராங்களா, என் மூஞ்சிய வாங்க வராங்களா, தெரியல" என்று என் காதில் முணுமுணுத்துவிட்டு, அவர்களைப் பார்த்துச் சிரிப்பார்.

கடைசியில் யாரோ சொன்னார்கள் என்று மருந்துக்கடையில் ஒரு ட்யூப் வாங்கித் தடவினார். கொஞ்ச நாளில் முகம் பளிச்சென்று ஆனது. எல்லோரும் மெச்சினோம். பிறகு தோல் மெலிந்து சிவந்தது, வெயில் பட்டால் எரிந்தது. நிறுத்தியதும் மங்கு முன்னைவிடக் கருத்துத் திரும்பியது. சூப்பர்வைசர் பக்குவமாகத்தான் சொன்னார்: "கொஞ்ச நாள் மேல மாடில லைனிங் துணி செக்‌ஷன்ல இருங்களேன்." லைனிங் துணியை யாரும் தோளில் போட்டுப் பார்ப்பதில்லை. அக்கா மேலே போனார், ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். சாப்பாட்டுக்கும் எங்களோடு உட்காருவதை விட்டுவிட்டார்.

இப்போது எனக்கு நாற்பத்தாறு. மகள் கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். கணவர் போன பிறகு ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்ன போர்ஷனில் தனியாக இருக்கிறேன். போன வருடம் மாதவிலக்கு தாறுமாறானது, தூக்கம் போனது, மங்கு வந்தது. தில்லைநகரில் ஒரு தோல் டாக்டரம்மாவைப் பார்த்தேன். "ஹார்மோன், வெயில், கவலை எல்லாம் சேர்ந்ததும்மா. வெயிலுக்கு க்ரீம் போடுங்க, குடை பிடிங்க. மெதுவாத்தான் குறையும். நீங்களா எந்த ட்யூபும் வாங்காதீங்க" என்றார். மனதில் இருப்பதை வீட்டில் யாரிடமாவது பேசச் சொன்னார். தலையாட்டினேன். வீட்டில் என்னோடு பேசுவது குக்கர் மட்டும்தான் என்று அவரிடம் சொல்லவில்லை.

குடையோடு பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் ஒரே பயம், என்னையும் மேலே அனுப்பிவிடுவார்களோ என்று. பயந்தபடியே போன வாரம் புது சூப்பர்வைசர் வந்து நின்றான். "அக்கா, லைனிங் செக்‌ஷன்ல ஆள் இல்ல. நாளையிலேர்ந்து நீங்க..." என்று இழுத்தான். "யோசிச்சு சொல்றேன் தம்பி" என்றேன். மடித்த புடவையையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை என் வயதுக்காரி ஒருத்தி வந்தாள். எனக்கு இருப்பதுபோலவே கன்னத்தில் மங்கு. இளம் பெண்கள் சும்மா நின்றிருந்தும் அவர்களைத் தாண்டி நேராக என்னிடம் வந்தாள். இளமஞ்சள் பட்டு ஒன்றைத் தொட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "இந்தக் கலர் நம்மள மாதிரி மூஞ்சிக்கு எடுப்பா இருக்குமாங்க?"

நம்மள மாதிரி. என்னை யாரும் அப்படிச் சேர்த்துக்கொண்டு பேசி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் முன்னால் நிமிர்ந்து நின்றேன். "நல்லாப் பாருங்க" என்றேன்.

கடை சாத்தும்போது சூப்பர்வைசரிடம், "நான் கீழயே நிக்கிறேன் தம்பி" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அக்காவிடமும் இப்படி ஒருத்தி வந்து கேட்பதற்கு அவரைக் கீழே யாரும் விட்டுவைக்கவில்லை.