பங்காக வந்த பியானோ

அப்பா இறந்து ஆறு மாதம் கழித்து என் பங்காக ஒரு பியானோ வந்து சேர்ந்தது. எண்பதுகளின் தொடக்கம் அது. என் கணவருக்கு ஜவ்வாது மலைமேல் பள்ளிக்கூட வாத்தியார் வேலை. இரண்டே அறை உள்ள குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். வேலூரில் அப்பாவின் வீட்டை விற்றபோது அண்ணன்கள் இருவரும் தங்களிடம் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். புளி ஏற்ற மலைக்குக் காலியாக வந்த லாரியில் அதை ஏற்றி, "நீதானே வாசிப்பே" என்று ஒரு சீட்டும் எழுதி அனுப்பிவிட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

இறக்கி வைத்தவர்கள் நான்கு பேரும் பக்கத்துக் கொல்லையில் சாமை விதைப்பவர்கள். "இன்னா பொட்டிம்மா இது, இம்மாங் கனம் கனக்குது?" என்றார் ஒருவர். என் கணவர் பெருமையாக ஒரு கட்டையை அழுத்திக் காட்டினார். நான் எழுந்து வீட்டுக்குப் பின்பக்கம் போய்விட்டேன்.

அப்பா சர்ச்சில் ஆர்கன் வாசித்தவர். என் ஏழு வயதிலிருந்து கல்யாணத்துக்கு முந்தின வாரம் வரை தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் என்னை வீட்டில் இந்தப் பியானோவின் முன் உட்கார வைத்தார். அடித்ததில்லை, திட்டியதும் இல்லை. தப்பு வந்தால் என் நாற்காலியின் முதுகில் பென்சிலால் ஒருமுறை தட்டுவார். அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷம் அந்தத் தட்டலுக்காகக் காத்துக்கொண்டே வாசித்தேன்.

இப்போது அது ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. சமையலறைக்குப் போக உடம்பை ஒருக்களிக்க வேண்டியிருந்தது. கரையான் ஏறாமலிருக்க அதன் கால்களைத் தண்ணீர் ஊற்றிய டப்பாக்களில் நிறுத்தியிருந்தோம். என் கணவர் பள்ளி விட்டு வந்ததும் ஒற்றை விரலால் தட்டிப் பார்ப்பார். உடனே நான் சாலைவரை நடந்துவிட்டுத் திரும்புவேன். சாப்பாட்டைக்கூட நின்றுகொண்டே சாப்பிட ஆரம்பித்தேன்.

"உங்க அப்பா சாமான் ஆச்சே, இருந்துட்டுப் போகட்டுமே" என்றார் அவர்.

"இருந்தா நான் இருக்க மாட்டேங்க" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே பயமாக இருந்தது.

சனிக்கிழமைதோறும் பஸ் பிடித்து ஆலங்காயம் இறங்கினேன். அங்கே சர்ச் பாதிரியார், "எங்களுக்கு ஆர்மோனியமே போதும்மா" என்றார். கான்வென்ட் சிஸ்டர், நானே வந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதானால் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அந்தப் பேச்சு முடிவதற்குள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். வாணியம்பாடியில் ஒரு மரக்கடைக்காரர் மட்டும் உடைத்துப் பலகையாக எடுத்துக்கொள்கிறேன் என்றார். சரி என்றேன். வருவதாகச் சொன்ன நாளில் வாசலுக்கும் சாலைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அவர் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை பஸ்ஸில் கண்டக்டர் கேட்டார். "இன்னாம்மா, வாரா வாரம் வெறுங்கையோட போய்ட்டு வர்றீங்க? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் சீட்டுக் கிழிப்பதை நிறுத்தினார்.

"எனக்குக் குடுப்பீங்களா?"

"உங்களுக்கு வாசிக்கத் தெரியுமா?"

"எனக்கு இன்னா தெரியும்? என் சம்சாரத்துக்குத் தெரியும்மா. அநாதைப் பிள்ளைங்க போர்டிங்ல வளந்தவ. கல்யாணமாகி பத்து வருஷமா இதைப் பத்தி ஒரு வாரமாவது பேசாம இருந்ததில்ல."

மறுநாள் சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்ததும் அவளை அதே பஸ்ஸில் அழைத்துவந்தார். ஒல்லியான பெண், இடுப்பில் குழந்தை. குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு நின்றபடியே வாசிக்கத் தொடங்கினாள். மலைக்குளிரில் மூன்று கட்டைகள் இறங்கியே கிடந்தன. பாட்டு நொண்டியது. அவள் அதைப் பொருட்படுத்தவே இல்லை. தப்பான இடத்தில் சிரித்தாள், திரும்ப அதே தப்பைச் செய்தாள். எனக்கு உள்ளே ஏதோ சுருக்கென்றது. பொறாமை என்றுதான் சொல்ல வேண்டும்.

"ஏங்கக்கா இதைப் போய் வேணாங்குறீங்க?" என்று கேட்டாள்.

பென்சிலைப் பற்றிச் சொன்னேன். யாரிடமும் அதுவரை சொன்னதில்லை.

"எங்க சிஸ்டர் விரல்லயே ஸ்கேலால போடுவாங்க. போட்டா இன்னா, வாசிக்கறது நாமதானே" என்றாள்.

ஒரு வாரத்தில் அது இன்னொரு புளி லாரியில் மூட்டைகளுக்கு நடுவே இறங்கிப் போனது. நான் வீட்டைப் பெருக்கிக் கழுவினேன். ஜன்னலைத் திறந்தேன். இனி நிம்மதியாக உட்காரலாம் என்று நினைத்தேன். உட்கார முடியவில்லை. காலி இடத்தைச் சுற்றி ஒருக்களித்தே நடந்துகொண்டிருந்தேன்.

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஆலங்காயத்துக்குப் பக்கத்தில் கண்டக்டர் சொன்ன தெருவைத் தேடிப் போனேன். தெருமுனையிலேயே பியானோ சத்தம் கேட்டது. திரும்பிவிடலாமா என்று இரண்டு முறை பஸ் நிறுத்தம் வரை போய்வந்தேன். மூன்றாவது முறை அவள் வீட்டு வாசலில் நின்றபோது, உள்ளிருந்தபடியே பார்த்துவிட்டாள்.

"வாங்கக்கா. கை வேலையா இருக்குது, நீங்களே பாய எடுத்துப் போட்டுக்கோங்க" என்றாள். வாசிப்பதை நிறுத்தவில்லை.

பாயை விரித்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். குழந்தை தவழ்ந்து வந்து என் மடியில் ஏறியது. அவள் என்னை வாசிக்கச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் எழுந்து ஓடியிருப்பேன். ஒரு பாட்டை நாலைந்து தடவை தப்பும் தவறுமாக வாசித்தாள். மலைக்குப் போகும் மூன்று மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு தெருமுனையைக் கடந்து போனது. நான் எழுந்திருக்கவில்லை.