சம்பந்தி வீட்டு முன்னால் வெடித்த சாலை

குழந்தைசாமி வீட்டு ஆண்களுக்கே இருந்த இடத்தில் இருப்புக் கொள்ளாது. மூத்தவன் வீரய்யா அதிலும் ஒரு படி மேல். நெடுஞ்சாலைத் துறையில் சாலைப் பணியாளன். திருவரங்குளம் பக்கம் அவன் பார்க்கிற சாலையில் எந்த விரிசல் எந்த மழைக்கு விழுந்தது என்று, பெற்ற பிள்ளைகளின் வயதைச் சொல்வதுபோலச் சொல்லுவான். பஸ்ஸில் போனாலும் தலை சன்னலுக்கு வெளியேதான்.

அந்தச் சாலையில் ஓர் இடம் அவனைப் பாடாய்ப் படுத்தியது. தார் முதலைத் தோல் மாதிரி வெடித்துக் கிடந்தது. சதுரமாக வெட்டி, தூசி தட்டி, தார் ஊற்றி, ஜல்லி போட்டு இடித்துவிட்டு வருவான், மறுபடியும் வெடிக்கும். போன வாரம் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்து ஷீபா டீச்சர் அதில்தான் ஸ்கூட்டியோடு விழுந்து கையை ஒடித்துக்கொண்டாள்.

காரணம் அவனுக்குத் தெரியாமல் இல்லை. ஓரத்து வீட்டில் குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் சாலையோரம் தேங்கி, தாருக்கு அடியில் இருக்கிற கிராவல் மண்ணைச் சேறாக்கிக்கொண்டிருந்தன. மேலே லாரி அழுத்தினால் தார் என்ன செய்யும்? வேறு வீடாக இருந்தால் அன்றைக்கே சத்தம் போட்டிருப்பான். அது சம்பந்தியம்மா பிரகதாம்பாள் வீடு. மகள் சுடர்விழி வாழப்போன வீடு. பெண்ணைக் கொடுத்தவன் அங்கே போய்க் குரலை உயர்த்தலாமா?

ஐப்பசி பிறந்தது. வானம் கறுக்கும்போதெல்லாம் அவனுக்கு அந்த இடமே கண்ணில் நின்றது. அந்த வீட்டில்தான் சுடர்விழிக்கு வளைகாப்பும் நடந்தது.

கழுத்தில் சந்தனத்தோடு பந்தியில் உட்கார்ந்திருந்தான். கொல்லையில் அண்டா கழுவிய தண்ணீர் வாசலைத் தாண்டிச் சாலைக்கு ஓடியது. பாயசம் ஊற்ற வரும்போது எழுந்துவிட்டான். புது வேட்டியை மடித்துக் கட்டி, மாட்டுக் கொட்டகையில் கிடந்த மண்வெட்டியை எடுத்துத் தென்னை மரங்களைப் பார்த்து வாய்க்கால் வெட்டத் தொடங்கினான்.

“மாப்ளே, ஒங்க மாமனாருக்கு இன்னைக்கும் டூட்டியாம்ல!” என்று பந்தியில் ஒருவர் சுடர்விழி புருஷனைப் பார்த்துச் சிரித்தார்.

பிரகதாம்பாள் வந்து நின்றாள். “எலையில இருந்து எந்திரிச்சு வந்துட்டீங்க. எங்க வீட்டுச் சோறு எறங்கலீங்களா?”

“சோறு நல்லா இருந்துச்சுங்க. தண்ணி ரோட்டத் திங்குதுங்க. அங்கிட்டுத் திருப்பிவிட்டா தென்னைக்கும் ஆச்சு...”

“ரோடு என்ன ஒங்க பாட்டன் சொத்துங்களா?”

 வீரய்யா மண்வெட்டியைக் கீழே போடவில்லை; வாய்க்கால் தென்னையைத் தொடும்வரை வெட்டினான்.

மகளைப் பிரசவத்துக்குத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு காரில் திரும்பினான். பாதி வழியில் அவள், “அப்பா, புள்ள பொறந்ததும் நான் திரும்பிப் போகவேண்டிய வீடுப்பா அது” என்றாள். 

மழை விட்டு வெயில் அடித்த முதல் நாளே தார் டின்னோடு போய் நின்றான். வாய்க்காலை மூடியிருப்பார்கள் என்றுதான் நினைத்தான். மூடவில்லை. சாலையோரம் காய்ந்திருந்தது. வெடித்ததை வெட்டியெடுத்து, அடிமண்ணை இடித்துக் கெட்டிப்படுத்தி, தார் ஊற்றினான். கை வேலையில் இருந்தது. கண் அந்த வாசலிலேயே இருந்தது.

பிரகதாம்பாள் வந்தாள். ஒரு டம்ளர் காப்பியைக் காம்பவுண்டுச் சுவர்மேல் வைத்தாள். சம்பந்தியைக் கண்டால் முதலில் சொல்லவேண்டிய ‘வாங்க’வைச் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

நின்றபடியே குடித்தான். சூடாகத்தான் இருந்தது. சுடர்விழிக்குப் பிரசவத்துக்குத் தை மாதம் நாள் சொல்லியிருக்கிறார்கள். வேலை வேறு பக்கம் இருந்தாலும், அதற்குள் ஒரு ‘வாங்க’ வந்துவிடாதா என்று, அன்றிலிருந்து அவன் தினமும் அந்த வீட்டு வழியாகவே சைக்கிளை விட்டான்.