'வா' போட்ட வரிகள்

1. நீல அட்டை போட்ட ஒரு நீளமான புக்கிங் நோட்டைக் கணினியில் ஏற்றினேன்.
2. அதில் பல வரிகளின் ஓரத்தில் இருந்த 'வா' என்ற ஒற்றை எழுத்தைத் தவறாகப் புரிந்துகொண்டேன்.
3. அதை வைத்து, வேன் பயணங்கள் இனி மீண்டு வராது என்று கணித்தேன்.
4. என் கணிப்பை நம்பி முதலாளி இரண்டு வேன்களையும் விற்க ஆள் பேசினார்.
5. வாங்குபவர் வரவிருந்த நாளுக்கு முந்தைய மாலை, இரட்டைப் பின்னல் போட்ட குழந்தை ஒன்று உள்ளே வந்தது.

கவுண்ட்டர் அக்கா இதைச் சொன்னால் ஐந்திலிருந்துதான் தொடங்குவார். மற்ற நான்கும் அவருக்கு வெறும் முன்னுரை.

ரேணிகுண்டா ஸ்டேஷன் பக்கத்துச் சந்தில், திருமலைக்கு வண்டி விடும் அந்தச் சின்ன டிராவல்ஸில் நான் சேர்ந்தது, ஊரடங்கெல்லாம் முடிந்து ரயில்கள் மறுபடி நிரம்பத் தொடங்கிய சமயம். பழைய புக்கிங்குகளை வைத்து, இனி எந்த மாதம் எத்தனை வண்டி ஓடும், என்ன வாடகை வைக்கலாம் என்று கணிப்பது என் வேலை. அக்கா நகரியிலிருந்து தினமும் ரயிலில் வருவார். என்னைவிட ஆறு வயது மூத்தவர். தெலுங்கில் தொடங்கிய வாக்கியத்தைத் தமிழில் முடித்துவிட்டுப் போனை வைப்பார். எனக்கு ஜோசியக்காரி என்று பெயர் வைத்திருந்தார். "இன்னா ஜோசியக்காரி, கிளி சீட்டு எடுத்துச்சா?" என்பதுதான் காலை வணக்கம்.

டீசல் ஏறியிருந்தது. கையில் காசு திரும்பியவர்கள் சின்னக் குடும்பமாகக் காரில் வருவார்கள், கூட்டமாக வேனில் வரும் காலம் போய்விட்டது என்று தொழிலில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். என் வரைபடமும் அதையே சொன்னது. கார் கோடு மெல்ல ஏறியது. வேன் கோடு தரையிலேயே படுத்திருந்தது. ஊரடங்கில் நின்றுபோன வேன் பயணங்களின் ஓரத்தில் எல்லாம் அக்காவின் கையெழுத்தில் 'வா' என்று இருந்தது. வாபஸ் என்று எடுத்துக்கொண்டேன். முன்பணத்தைத் திரும்ப வாங்கியவர்கள் போனவர்கள்தான் என்று அத்தனை வரிக்கும் பூஜ்யம் போட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.

வேன்கள் போனால் இரண்டு டிரைவர்களும் போவார்கள். கார் புக்கிங் ஆப்பிலேயே வந்துவிடும் என்பதால் அக்காவின் கவுண்ட்டரும் தேவைப்படாது. இது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வாய்விட்டுச் சொன்னது அக்கா மட்டும்தான். "என் வேலைக்கே கிளி சீட்டு எடுத்துட்ச்சி. போவட்டும், வா, துன்னலாம்" என்று டிபன் பாக்ஸை என் பக்கம் தள்ளினார். அன்றும் எலுமிச்சை சாதம் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குக் கூச்சமாக இருந்தது.

மறுநாள் மாலை புத்தூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அப்பாவும் அம்மாவும் ரிப்பன் கட்டிய மூன்று வயது மகளோடு வந்தார்கள்.

"பாப்பாவுக்கு மொட்டை போடணும்மா. ஒரு வயசுல போட வேண்டியது, கொரோனாவுல நின்னு போச்சு" என்றார் அப்பா. "இப்ப ரெண்டு மொட்டை. என் தங்கச்சிக்கும் ஒண்ணு பொறந்துக்கீது. வேன்ல எடம் பத்துமா?"

அக்கா நோட்டைப் புரட்டி, அவர் பெயரைக் கண்டுபிடித்து, 'வா'வுக்குப் பக்கத்தில் ஒரு டிக் அடித்தார்.

நான் எழுந்து போனேன். "அக்கா, இவங்க வாபஸ் ஆச்சே?"

"வாபஸா? அடிப்பாவி, வாய்தாடீ அது! தேதி தள்ளிக்கீது, அவ்ளோதான். சாமிக்கு வேண்டிக்கினத எவனாச்சும் வாபஸ் வாங்குவானா?"

வாய்தா என்றால் எனக்குக் கோர்ட்டு. ஆந்திர எல்லையோரத்தில், தெலுங்குப் பழக்கத்தில், பரீட்சையோ கல்யாணமோ பயணமோ எது தள்ளிப்போனாலும் அதுதான் சொல். குழந்தை நாற்காலியில் ஏறி நின்று பின்னலை ஆட்டிக்கொண்டிருந்தது. நான் பூஜ்யம் போட்ட ஒவ்வொரு வரியிலும் ஒரு குழந்தைக்கு முடி வளர்ந்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன்.

"விக்கச் சொன்னதும் நீதான், வேணாம்ன்றதும் நீதானாம்மா?"

"ஆமா சார். தப்பு என்னோடது."

"வருவாங்கன்றதுக்கு ருஜு?"

"போன்லகீது ருஜு" என்று அக்கா நோட்டோடு உள்ளே வந்து, 'வா' போட்ட ஒரு வரியின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டார். எடுத்தவுடன் புக்கிங் பற்றிக் கேட்கவில்லை. "கொயந்தைக்கு முடி எவ்ளோ வந்துக்கீது?" என்றார்.

அந்தப் பக்கம் சிரிப்பு. "ஜடையே போடுறோம்மா. எப்ப வண்டி தருவீங்க?"

அடுத்த எண்ணை அழுத்திக்கொண்டே என்னிடம் மெல்லச் சொன்னார்: "வேன் விக்காம நம்மகிட்டயே நின்னுச்சின்னா நீ மூணு கத்திரி தர்றதா வேண்டிக்கினேன்." திருமலையில் பெண்கள் மொட்டைக்குப் பதிலாக முடியில் மூன்று வெட்டு கொடுப்பது.

"நீங்க வேண்டிக்கிட்டு நான் ஏன் முடி குடுக்கணும்?"

"தப்பு உன்னுதுதான?"

மூன்றாவது அழைப்பு முடிவதற்குள் முதலாளி தன் போனை எடுத்தார். வேன் வாங்கவிருந்தவரிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணா, கொஞ்சம் வாய்தா வெச்சிக்கலாம்." அக்கா சிரித்த சிரிப்பில் டிரைவர்கள் வெளியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

இரண்டாவது கணிப்பை நானும் அக்காவும் சேர்ந்து போட்டோம். தள்ளிப்போட்டவர்கள் எல்லோரும் ஒரே கோடையில் வருவார்கள், சனி ஞாயிறில் வேன் கிடைக்காது, வாடகை ஏறும் என்றேன். "வேண்டுதல மாத்த மாட்டாங்க, கெழமைய மாத்திக்குவாங்க" என்றார் அவர். ஆகவே 'வா' போட்டவர்களுக்கு வார நாளில் பழைய வாடகை. வாரக் கடைசியில் புது வாடகை. நான் செவ்வாய், புதன் என்று எழுதினேன். "செவ்வாக்கெழம எவன்டீ முடி எறக்குவான்?" என்று செவ்வாயை அடித்துவிட்டு வியாழனைச் சேர்த்தார். அந்தக் கோடையில் மலையிலிருந்து திரும்பிய எங்கள் வேன்களின் ஜன்னல்தோறும் சந்தனம் பூசிய உருண்டைத் தலைகள்.

இப்போது சென்னையில் ஒரு பெரிய நிறுவனத்தில் பயணக் கட்டணங்களைக் கணிக்கிறேன். ரத்தானவை, தள்ளிப்போனவை என்று இரண்டு பத்தி இல்லாமல் எந்தக் கணக்கையும் தொடங்குவதில்லை. போன மாதம் அக்காவைப் பார்க்கப் போனேன். திருப்பதி பஸ் ஸ்டாண்டு அருகே திறந்த இரண்டாவது அலுவலகம் அவர் பொறுப்பில். புக்கிங் முழுக்கக் கணினிக்கு மாறிவிட்டது. அந்த நீல நோட்டு மட்டும் மேஜை டிராயரில் இருக்கிறது. எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினார். என் பெயர், 'மூணு கத்திரி', பக்கத்தில் 'வா'.

"உன் கேஸு எப்ப வருது, ஜோசியக்காரி?"

வரும் புதன்கிழமை என்றேன். நிலவரம் இதுதான்: வேன்கள் நான்கு, பழைய டிரைவர்கள் இருவரும் இருக்கிறார்கள், நோட்டில் டிக் விழாத வரி ஒன்றே ஒன்று.